தவக்காலம் முடிந்த மறுநாள்: பார்த்ததும் கேட்டதும்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம்தான் தவக்காலம். அதில் தொடங்கிய ஜெபம், வேத வாசிப்பு, உபவாசம் எல்லாம் ஈஸ்டரோடு நின்றுவிடாமல் தொடர்வது எப்படி? சென்னைப் பக்கம் வெவ்வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள் சொன்னவை இவை.

பெரம்பூர் அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு)

உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) பூசை முடிந்து கூட்டம் கலையும் நேரம். காவி வேட்டியில் வந்திருந்த ஆட்டோக்கார அண்ணன் ஒருவர் மாலையைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, “ஃபாதர், நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டார். “ஞாயித்துக்கிழமை பூசைக்கு வாங்கப்பா.” பதில் அவ்வளவுதான். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது இன்னும் மனதை உறுத்துகிறது. தவக்காலம் முழுக்க விடியற்காலை 5 மணி ஜெபமாலைக்கு ஓடி வந்தவர்.

அவரை எழுப்பிவிட்டது மணிச்சத்தம், திறந்திருந்த கதவு, பக்கத்தில் முழந்தாளிட்ட ஆள். மூன்றும் ஒரே நாளில் நின்றுபோனால் யாராக இருந்தாலும் தூங்கத்தான் செய்வார்கள். “வீட்டிலேயே தொடருங்க” என்று சொல்லி அனுப்புவது பயன்படாது. அன்பியத்தில் அடுத்தடுத்த தெருவில் இருக்கும் நாலைந்து பேரை, ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறுக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். நேரத்தை மாற்றக் கூடாது, அதே 5 மணி. ஜெபத்தைத்தான் குறைக்க வேண்டும். 53 மணி ஜெபமாலைக்கு இருபது நிமிடம் பிடிக்கும். அதில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி மட்டும் என்றால் ஐந்து நிமிடம், அதோடு அன்றைய நற்செய்தி. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஜெபத்தை முழுதாக வைத்துக்கொண்டு நேரத்தை “வசதிப்படி” என்று விடுகிறார்கள். இரண்டாவது வாரமே போய்விடுகிறது.

வேப்பேரி, சி.எஸ்.ஐ.

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பக்கம் சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. லெந்து (தவக்கால) நாட்களுக்கு வேத வாசிப்பு அட்டவணை கொடுக்கிறோம். அலமாரிக் கதவில் ஒட்டி, தினமும் டிக் அடித்து வந்த ஒரு பாட்டி ஈஸ்டர் கட்டத்துக்குக் கீழே பேனாவால் தானே ஒரு காலிக் கட்டம் வரைந்து வைத்திருந்தார். உள்ளே எதுவும் எழுதவில்லை. திங்கட்கிழமைக்கு என்ன வாசிப்பது என்று சபை அவருக்குச் சொல்லவேயில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள் முதல், பரிசுத்த ஆவி இறங்கிய திருநாளான பெந்தெகொஸ்தே ஞாயிறு வரை சரியாக 49 நாள். யோவான் சுவிசேஷம் 21 அதிகாரம், அப்போஸ்தலர் நடபடிகள் 28. கூட்டினால் 49. நாளுக்கு ஒரு அதிகாரம், மிச்சமில்லை, குறைவுமில்லை. உயிர்த்தெழுந்தபின் சபை எப்படி நடந்தது என்பதை வாசிக்க இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. இரண்டு இடத்தில் ஆட்கள் விழுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யோவான் 6-ல் 71 வசனம். அது முதல் சனிக்கிழமை வரும். நடபடிகள் 7, ஸ்தேவானின் நீண்ட பிரசங்கம், நான்காவது ஞாயிறு. அந்த இரண்டையும் காலையில் பாதி, இரவில் பாதி என்று பிரிக்கலாம்.

ஏப்ரல், மே மாதம் பள்ளி லீவு. எழும்பூரில் கன்னியாகுமரி ரயில் ஏறுகிற அன்று விட்டுப்போனது ஜூனில்தான் திரும்ப வரும். அட்டவணையை வேதாகமத்துக்குள் மடித்து வைக்கும் அளவில் அச்சடியுங்கள், சுவரில் ஒட்டும் அளவில் வேண்டாம்.

ஆவடி ஜெபக்குழு

வாசிப்பு சரி. உபவாசத்தை ஏன் யாரும் பேசவில்லை? வாரம் இரண்டு நாள், புதனும் வெள்ளியும், ஆதிச்சபை வழக்கம். ஆதிக் கிறிஸ்தவர்களின் போதனை நூலான திதாக்கேயில் 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஈஸ்டர் முடிந்த வெள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு வாரம் இடைவெளி விட்டால் அது ஒரு வருஷ இடைவெளி ஆகிவிடும்.

சாந்தோம் மறைக்கல்வி

இதில் உடன்பட முடியாது, பிரதர். மணவாளன் தங்களோடு இருக்கையில் மணவாளனின் தோழர்கள் துக்கப்படுவார்களா என்று ஆண்டவரே கேட்டார் (மத்தேயு 9:15). கத்தோலிக்கத் திருச்சபையில் ஆண்டின் எல்லா வெள்ளியும் தவ நாள்கள் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் சட்டம் 1250 சொல்கிறது. ஆனால் பெருவிழா வருகிற வெள்ளியில் சுத்த போசனம் (இறைச்சி தவிர்ப்பது) கிடையாது (சட்டம் 1251). உயிர்ப்பு எண்கிழமை, அதாவது ஈஸ்டர் முதல் எட்டு நாளும், பெருவிழா, ஆகவே அந்த முதல் வெள்ளி மகிழ்ச்சியின் நாள். அடுத்த வெள்ளி தொடங்கலாம். சுத்த போசனத்தை வேறு ஒறுத்தலாக (தவ முயற்சியாக) மாற்ற ஆயர் பேரவைக்கு சட்டம் 1253 அதிகாரம் தருகிறது. கொண்டாட்டத்தையும் ஒழுங்காகக் கொண்டாடத் தெரிந்தவர்தான் நோன்பில் நீடிப்பார்.

நீங்கள் காட்டிய அதே திதாக்கே 8-ல் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படியும் இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பஸ்ஸிலும் சொல்லலாம்.

அயனாவரம் நர்ஸ்

வெள்ளி உபவாசக் கூட்டத்தில் ஒரு அம்மா பாட்டு நடுவே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சுவரோடு சரிந்தார். “அபிஷேகம்” என்று சுற்றிலும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அது லோ சுகர். காலையில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை போட்டிருந்தார், சாப்பிடவில்லை.

வாராவாரம் உபவாசம் என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை விடக்கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு, ஆனாலும் கேட்டுவிடுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாறும் பேச்சு தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108 கூப்பிடுங்கள். ஜெப வீட்டில் சர்க்கரை டப்பா இருக்கட்டும். மற்றவர்களும் மாலையில் பஜ்ஜி, பரோட்டாவில் உபவாசத்தை முடிக்காதீர்கள். நொய்க்கஞ்சி போதும். வயிறு எரிந்து படுத்தவர் அடுத்த வெள்ளி வரமாட்டார்.

ராயபுரம்

ஈஸ்டருக்கு முந்தைய இரவு நடக்கும் பாஸ்கா விழிப்புக்கு முன் பாடகர் குழு அக்காவிடம் ஒரு பெண் சொன்னது: “எல்லாருக்கும் நாளைக்கு ஈஸ்டர்க்கா. எனக்கு மட்டும் நாப்பது நாள் நிம்மதி முடியுது.” கணவர் தவக்காலத்தில் மட்டும் குடிக்காதவர்.

ஒவ்வொரு பங்கிலும் இப்படிப் பத்து வீடாவது இருக்கும். குடியை விட்டிருக்கும் நாட்களில் மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை கோயில் அவரைப் பிடித்து வைத்திருந்தது. அந்த இரண்டு மணி நேரம்தான் விஷயம். ஈஸ்டர் திங்களிலிருந்து அந்த நேரத்துக்கு வேலை கொடுங்கள்: ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையோடு வீடு சந்திப்பு, இளைஞர் ட்யூஷன் அறையைத் திறந்து மூடும் சாவிப் பொறுப்பு, எதுவானாலும். சம்பள நாளில் ஒருவர் கூடவே வரட்டும். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டங்கள் சென்னையில் நடக்கின்றன. இடமும் நேரமும் கேட்டு, முதல் தடவை கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். இன்னொன்றை அவரிடமே சொல்ல வேண்டும். நாற்பது நாள் விட்ட உடம்புக்குப் பழைய அளவு தாங்காது, அதே அளவு குடித்தால் மிக வேகமாக ஏறும்.

வேப்பேரி, சி.எஸ்.ஐ.

நாள் தவறினால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பின்னால் போகாதீர்கள். இன்றைய தேதிக்கு எதிரே உள்ள அதிகாரத்தை வாசியுங்கள். விட்ட ஐந்து அதிகாரத்தையும் ஒரே இரவில் முடிக்கப் பார்த்து அலுத்துப்போய்த்தான் நிறையப் பேர் நிறுத்துகிறார்கள். விட்டதற்கு அட்டவணையில் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள், பெந்தெகொஸ்தேக்குப் பிறகு அந்தப் புள்ளிகளை மட்டும் வாசித்து முடிக்கலாம்.