ரைஃபிள் பேரலைக் கழுவினதும் குரூப் சிதறுதா? சைட்டில் கை வைக்காதீங்க

வேலந்தாவளத்துக்காரன்:
பேரலை, அதாவது குழலை, கழுவின பிறகு குரூப் (குண்டுகள் ஒரே இடத்தில் கூட்டமாக விழுவது) ஏன் சிதறுகிறது என்று கொழிஞ்சாம்பாறைத் தம்பி கேட்டதற்கு, பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். 22 ரைஃபிள் பேரலை சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) போட்டுப் பளபளவென்று துடைத்துவிட்டால் முதல் பத்து இருபது குண்டு இஷ்டத்துக்குத்தான் போகும், அது கோளாறே இல்லை. 22 தோட்டாவின் ஈயக் குண்டு மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள், விரலில் பிசுபிசுவென்று ஒட்டுமே, அதுதான். சுடச்சுட அது குழலுக்குள் மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் எல்லாக் குண்டும் ஒரே மாதிரி வழுக்கிப் போகும். கழுவும்போது அந்தப் படலமும் சேர்ந்து போய்விடுகிறது.

போன ஆடியில் எங்கள் ரேஞ்சில் ஒரு பையன், போட்டிக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து பேரலைத் தேய்த்துவிட்டு வந்திருந்தான். 50 மீட்டரில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். முதல் குண்டு இடப்பக்கம் எட்டில் விழுந்தது, சைட்டை, அதாவது குறி பார்க்கும் கருவியை, நாலு கிளிக் திருப்பினான். அடுத்தது வலது மேலே ஏறியது, மறுபடி திருப்பினான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு அடித்துக்கொண்டிருந்ததா, பழியைத் தூக்கி அதன்மேல் போட்டான். குழல் ஒரு நிலைக்கு வந்த நேரத்தில் சைட் எங்கேயோ போயிருந்தது. கடைசியில் கோச் சேட்டன் வந்து, “பழைய கிளிக்குக்கே கொண்டுவா, குண்டு டார்கெட்டில் எங்கே விழுகிறது என்று கவலைப்படாமல் ஒரு டப்பா முக்கால்வாசி சுடு” என்றார். அப்புறம் தானாகக் குரூப் கூடிவிட்டது. தோட்டா பிராண்டை மாற்றினாலும் இதே கதைதான், பூச்சு மாறுகிறது இல்லையா.

மழைக்காலத்தில் நம் பக்கம் எண்ணெய் பூசாமல் வைத்தால் துரு பிடித்துவிடும், சரி. ஆனால் சுடுவதற்கு முன் உலர்ந்த துணியை ஒருமுறை விட்டு அந்த எண்ணெயை எடுத்துவிட வேண்டும், சேம்பரையும் (தோட்டா உட்காரும் அறை) சேர்த்து.

பழைய என்சிசி:
அண்ணன் சொன்னது சரிங்க. ஒன்று மட்டும் சேர்த்துக்கிறேன். கேம்ப்பில் எங்களுக்குப் புல்த்ரூவில் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) சிந்தி என்கிற துண்டுத் துணியைக் கட்டி, சேம்பர் பக்கம் விட்டு வாய்ப்பக்கம் இழுக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது சிலர் இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமிருந்தே திணிக்கிறார்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு அது, அங்கே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாகத் தள்ளும், குண்டு விலகும். எத்தனை டப்பா சுட்டாலும் அது சரியாகாது, ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்து முனையைத் திரும்பக் கடையத்தான் வேண்டும்.

வேலந்தாவளத்துக்காரன்:
ஆமாங்க. தம்பி, முப்பது குண்டு தாண்டியும் சிதறினால் முதலில் ரைஃபிளைக் கட்டையோடு பிடித்து வைக்கும் ஸ்குரூ இரண்டையும் பாருங்க, கழற்றி மாட்டினபோது பழைய இறுக்கத்துக்கு வைக்காமல் விட்டிருக்கலாம். அதுவும் சரியாக இருந்தால் சேம்பருக்குச் சற்று முன்னால் கரி வளையமாக இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்க. சும்மா துணி விட்டால் அது அசையாது, பித்தளைப் பிரஷ்தான் வேணும்.