ஹம்பர் ஆற்றின் மூன்று நீராவிக் கப்பல்கள்

லண்டனில் தேம்ஸ் கரையோரம், லண்டன் ஐ ராட்டினத்துக்கு எதிரே 'டாட்டர்ஷால் காசில்' என்று ஒரு மிதக்கும் பார் இருக்கிறது. ஆபீஸ் ஆட்களோடு போயிருந்தேன். இரண்டு பக்கமும் விலா புடைத்த மாதிரி இருந்ததைப் பார்த்துத்தான் விசாரித்தேன். பழைய நீராவிக் கப்பலாம் அது, தண்ணீரைத் தள்ளும் துடுப்புச் சக்கரங்கள் சுழன்ற இடமாம்!

1934-ல் வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் கட்டியது. ஹல் நகரத்துக்கும் எதிர்க்கரையில் உள்ள நியூ ஹாலந்து என்ற ஊருக்கும் இடையே ஆள், கார், ஆடுமாடு எல்லாம் ஏற்றி ஹம்பர் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. ஆறு முழுக்க மணல்திட்டு, மூடுபனி வேறு. உலகப் போர் முடிந்த கையோடு ரேடார் பொருத்திவிட்டார்கள்.

உடன்பிறப்பான 'விங்ஃபீல்ட் காசில்' பிறந்த ஊருக்கே திரும்பி மியூசியத்தில் நிற்கிறது என்று தெரிந்ததும் ஹார்ட்டில்பூலுக்கு ரயிலேறினேன். பழைய எஞ்சின் அப்படியே இருக்கிறது. சாய்வாகப் படுத்த மூன்று சிலிண்டர்கள், ஒன்றைவிட ஒன்று பெரிது. முதல் சிலிண்டரைத் தள்ளிய ஆவியையே அடுத்த இரண்டிலும் விட்டு வேலை வாங்குவார்கள்.

மனசு ஆறாதது மூன்றாவது கப்பலுக்குத்தான். 'லிங்கன் காசில்', 1940. மூன்றிலும் இளையது, நிலக்கரியில் கடைசியாக ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான். 1978-ல் பாய்லர் கைவிட்டது. 1981-ல் ஹம்பர் பாலம் திறந்ததும் ஃபெர்ரிக்கே வேலையில்லை. அந்தப் பாலத்தருகே ஹெஸ்ஸிலில் உணவகமாக நின்றது, பிறகு கிரிம்ஸ்பிக்குப் போனது. காப்பாற்ற ஒரு குழு முயன்றும் 2010-ல் உடைத்துவிட்டார்கள். கப்பலை பார் ஆக்கிவிட்டார்களே என்று புலம்புகிறவர்களிடம் நான் சொல்வது: பீர் விற்கிற காசில்தான் டாட்டர்ஷாலுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கிறார்கள்.

*

பாலம் என்றதும் எனக்கு வங்கதேசத்து 'ராக்கெட்' ஸ்டீமர் நினைவு வருகிறது. டாக்கா சதர்காட்டில் 'மசூத்' கப்பலில் ஏறி பரிசால் வரை போனேன். 1920-களில் கல்கத்தா கார்டன் ரீச்சில் கட்டியது. நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் வைத்திருந்தார்கள், ஆனாலும் தள்ளுவது துடுப்புச் சக்கரம்தான். கேபின் கட்டில்கூட அந்தத் தட்தட்டில் அதிரும். நடு இரவில் பனி இறங்கியதும் ஆற்று நடுவிலேயே நங்கூரம் போட்டுவிட்டார்கள். சமையல்காரர் மட்டும் அசராமல் மீன் கட்லெட் பொரித்துக்கொண்டிருந்தார்.

2022 ஜூனில் டாக்கா-பரிசால் சாலையில் பத்மா பாலம் திறந்தது. பரிசால்காரர்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள். அந்த வருஷமே ராக்கெட் சர்வீஸை நிறுத்திவிட்டார்கள்.