மும்பை செம்பூரில் வாடகை ஃபிளாட்: புரோக்கருக்கு எவ்வளவு, எப்போது?

கேள்வி: 2 பிஎச்கே, வாடகை 45,000, டெபாசிட் 2 லட்சம், 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் (இங்கே வழக்கமான வாடகை ஒப்பந்தம்). புரோக்கர் ஒரு மாத வாடகையும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் கேட்கிறார். நியாயமா?

மாட்டுங்காவாசி: மும்பையில் ஒரு மாத வாடகை என்பது வழக்கம், சட்டம் இல்லை. அதனால் பேசிக் குறைக்கலாம். இரு பக்கமும் ஒரே புரோக்கர் என்றால் ஓனரிடமும் ஒரு மாதம் வாங்குவார். அப்போது தாராளமாகப் பேரம் பேசுங்கள். இருவர் என்றால் அவரவர் பார்ட்டியிடம் அவரவர் வாங்குவார்கள். ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் தந்தால் மட்டும் 18% கொடுங்கள். பில் இல்லையென்றால் வரியும் இல்லை.

முலுண்ட் தமிழன்: டோக்கனோடு (முன்பணத்தோடு) புரோக்கரேஜைக் கொடுத்துவிடாதீர்கள் சார். ஓனர் பின்வாங்கினால் அந்தப் பணம் திரும்புவது கஷ்டம். ஒப்பந்தம் பதிவாகி, சாவி கைக்கு வந்த பிறகு கொடுங்கள். முத்திரைத்தாள், பதிவுச் செலவு தனி: 11 மாத வாடகையோடு டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10% வட்டியும் கூட்டி, அதில் 0.25% முத்திரைக் கட்டணம். உங்களுக்குச் சுமார் 1,300 ரூபாய். பதிவுக் கட்டணம் 1,000. இதற்கே ஏழெட்டாயிரம் கேட்டால் மீதி ஏஜென்டின் கூலிதான், கணக்கை எழுதி வாங்குங்கள்.

மாட்டுங்காவாசி: இன்னொன்று. 11 மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போதும் சிலர் கமிஷன் கேட்பார்கள். "புதுப்பிப்புக்குக் கமிஷன் இல்லை" என்று இப்போதே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். அதே ஃபிளாட்டை இரண்டு புரோக்கர்கள் காட்டினால், முதலில் காட்டியவர்தான் உரிமை கோருவார். யார், எந்தத் தேதியில் காட்டினார் என்பதையும் குறித்து வையுங்கள்.