மாடி வானம் குழு: உச்சி 12:23-க்கு

ஆகஸ்ட் 16, அல்சூர், பெங்களூரு

மீனா பி-302 | காலை 8:41
எல்லாருக்கும் வணக்கம். 18ஆம் தேதி நிழலில்லா நாள் வருது, அன்னைக்கு சூரியன் நேர் தலைக்கு மேல வர்றப்போ நட்ட கம்பிக்கு நிழலே விழாது. பிள்ளைங்களை 12 மணிக்கு மொட்டை மாடிக்கு வரச் சொல்லிடவா?

சுந்தரம் மாமா | 8:50
12 மணிக்கு வேண்டாம்மா. அப்போ ஒரு மீட்டர் கம்பிக்கு 10 செ.மீ. நிழல் மேற்கால விழுந்து கிடக்கும். நமக்கு உச்சி, அதாவது சூரியன் அன்னைக்கு ரொம்ப உயரத்துல நிக்கிற நேரம், 12:23 தாண்டி அரை நிமிஷம்.

சுந்தரம் மாமா | 8:54
நம்ம கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்குப் போட்டது. பெங்களூரு 77.6. வித்தியாசம் 4.9 பாகை. பாகைக்கு 4 நிமிஷம் வீதம் 19 நிமிஷம் 36 நொடி. சூரியன் நம்ம தலைக்கு மேல அவ்வளவு தாமதமாத்தான் வரும்.

கார்த்திக் ஏ-104 | 8:56
சரி மாமா, மிச்சம் 4 நிமிஷம் எங்கேருந்து வந்துச்சு?

சுந்தரம் மாமா | 9:03
சூரியன் ஒரே சீரா நகர்றதில்லப்பா. பூமியோட பாதை நீள்வட்டம், அச்சும் 23.4 பாகை சாய்ஞ்சிருக்கு. ரெண்டும் சேர்ந்து சூரியனைக் கடிகாரத்துக்கு முன்னேயும் பின்னேயும் தள்ளுது. நவம்பர் 3 வாக்கில 16 நிமிஷத்துக்கு மேல முந்தும், பிப்ரவரி 11 வாக்கில 14 நிமிஷம் பிந்தும். ஆகஸ்ட் 18-ல பிந்தல் 3 நிமிஷம் 50 நொடி. கூட்டிப் பாரு.

சுந்தரம் மாமா | 9:05
இதையே வருஷம் முழுக்க ஓட்டிப் பார்த்தா, நம்ம ஊர் உச்சி நவம்பர்ல 12:03, பிப்ரவரில 12:34. சரியா 12 மணிக்கு ஒரு நாள்கூட வராது.

ஃபாத்திமா சி-201 | 9:10
சென்னையில அம்மாவும் அன்னைக்கே பார்க்கலாமா?

சுந்தரம் மாமா | 9:14
தாராளமா. அட்சரேகை நமக்கு 12.97, சென்னைக்கு 13.08. அதனால நாள் ஒண்ணுதான், நேரம் மட்டும் 12:13-க்கு முன்னாலயே வந்துடும். சூரியன் பூமத்திய ரேகைக்கு எத்தனை பாகை வடக்கே இல்ல தெற்கே நிக்குதுன்னு சொல்ற டெக்ளினேஷன், அதாவது பஞ்சாங்கத்துல கிராந்தின்னு போடுவாங்களே, அது ஊரோட அட்சரேகைக்குச் சமமா வர்ற நாள்தான் நிழலில்லா நாள். ஏறும்போது ஏப்ரல் 24, இறங்கும்போது ஆகஸ்ட் 18. டெல்லி 28.6-ல இருக்கு, சூரியன் 23.4-ஐத் தாண்டி வடக்கே போறதில்ல, அங்க என்னைக்கும் இது கிடையாது.

மீனா | 9:20
அப்போ 17, 19 ரெண்டு நாளும் நிழல் விழுமா?

சுந்தரம் மாமா | 9:26
விழும், ஆனா கண்ணுக்குப் பிடிபடாது. இப்போ கிராந்தி ஒரு நாளைக்கு மூணில் ஒரு பாகை இறங்குது. ஒரு மீட்டர் கம்பிக்கு அது 6 மி.மீ. சூரியன் புள்ளி இல்லை, அரை பாகை அகலத் தட்டு. அதனால நிழல் விளிம்பே 9 மி.மீ.க்கு மங்கலா இருக்கும். 18-ல மேகம் மூடிட்டா 19-ல செஞ்சாலும் பிள்ளைங்களுக்கு அதே காட்சிதான். நேரம்தான் தவறக்கூடாது. ஒரு நிமிஷம் தள்ளினா 4 மி.மீ. நிழல்.

ஃபாத்திமா | 9:31
கம்பியை நேரா தரையில நிறுத்தினா போதும்ல?

சுந்தரம் மாமா | 9:40
போதாதும்மா, இங்கதான் பாதிப் பேருக்குத் தப்புது. மழைத்தண்ணி ஓடணும்னு மாடித் தளத்தை வாட்டம் வச்சுத்தான் போட்டிருக்காங்க. தளத்துக்குச் செங்குத்தா நிறுத்தின கம்பி உண்மையில சாய்ஞ்சு நிற்கும். ஒரு பாகை சாய்ஞ்சாலே 17 மி.மீ. நிழல் வந்துடும். ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, அடியில அட்டை செருகி, ரசமட்டத்தை நீளவாக்குல ஒரு தடவை, குறுக்கால ஒரு தடவை வச்சுப் பாருங்க. கம்பிக்குப் பக்கத்துல தூக்குக்குண்டு தொங்கவிட்டு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் நூலோட ஒட்டிப் பார்க்கணும். பிள்ளைங்க யாரும் அண்ணாந்து சூரியனைப் பார்க்கக் கூடாது, பார்வை பலகை மேலயே இருக்கட்டும்.

கார்த்திக் | 9:52
மாமா, அதே கம்பியை வச்சு டெலஸ்கோப் மவுண்ட்டுக்கு, அதான் அதைத் தாங்குற ஸ்டாண்டுக்கு, வடக்கு எடுத்துக்கலாமா? துருவ நட்சத்திரம் இங்க 13 பாகை உயரத்துலதான் இருக்கு, டி பிளாக் தண்ணித்தொட்டி மறைக்குது.

சுந்தரம் மாமா | 10:01
எடுக்கலாம். ஆனா உச்சி நிழலை வச்சு இல்ல, அன்னைக்குத்தான் உச்சியில நிழலே இல்லையே! நட்ட குச்சியோட நிழலை வச்சு திசை பார்க்கிற பழைய சங்கு முறையில செய். கம்பியை மையமா வச்சு 56 செ.மீ. ஆரத்துல ஒரு வட்டம் போடு. நிழல் நுனி காலையில 10:23 வாக்கிலயும் மதியம் 2:23 வாக்கிலயும் வட்டத்தைத் தொடும். ரெண்டு புள்ளியையும் சேர்த்தா அது கிழக்கு மேற்கு. அதுக்குச் செங்குத்தா இழுத்தா வடக்கு. இது ஆகஸ்ட் மேகம், அதனால 40, 70 செ.மீ.லயும் வட்டம் போட்டு வை. ஒரு ஜோடி போனாலும் இன்னொண்ணு கிடைக்கும்.

கார்த்திக் | 10:04
ஃபோன் காம்பஸ் போதாதா?

சுந்தரம் மாமா | 10:06
தளத்துக்குள்ள முழுக்க இரும்புக் கம்பி. ரெண்டடி நகர்ந்தா முள்ளும் நகரும். நம்பாதே.

கார்த்திக் | 10:15
சரி. வடக்கு பிடிச்சாச்சு, அட்சரேகை அளவு 13-ல வச்சாச்சு. ராத்திரி 8 மணிக்கு எம் 22 நட்சத்திரக் கொத்தைப் பார்க்கணும். ரைட் அசென்ஷன், அதான் வானத்துல கிழக்கு மேற்கா இடம் சொல்ற அளவு, 18 மணி 36 நிமிஷம், டெக்ளினேஷன் மைனஸ் 23.9. எந்தப் பக்கம் திருப்ப?

சுந்தரம் மாமா | 10:29
முதல்ல நட்சத்திர நேரம் எடு, சைடீரியல் டைம். இப்போ எந்த ரைட் அசென்ஷன் உச்சிக்கோட்டுல, அதாவது தலைக்கு மேல வடக்கு தெற்கா போற கோட்டுல, நிக்குதோ அதுதான் அது. செப்டம்பர் 21 பிறக்கிற நள்ளிரவுல 0 மணின்னு வச்சுக்க. நட்சத்திரங்க தினமும் 3 நிமிஷம் 56 நொடி முன்னாடியே வரும். பூமி நாளுக்கு ஒரு பாகை சூரியனைச் சுத்தி நகர்ந்துடறதால, சூரியனைத் திரும்ப உச்சிக்குக் கொண்டுவர அவ்வளவு கூடச் சுழலணும். ஆகஸ்ட் 18-லேர்ந்து அதுக்கு 34 நாள் பாக்கி, 34 தடவைன்னா 2:14. 24-ல கழிச்சா 21:46. கடிகாரம் 8 மணின்னா நம்ம உள்ளூர் நேரம் 19:40. நள்ளிரவுலேர்ந்து 19:40 வரைக்கும் நட்சத்திரங்க முந்துறது 3 நிமிஷம். மூணையும் கூட்டி 24 கழி.

கார்த்திக் | 10:33
17:29

சுந்தரம் மாமா | 10:38
அதேதான். 18:36 இன்னும் உச்சிக்கு வரலை, 1 மணி 7 நிமிஷம் கிழக்கே இருக்கு. கேட்டை நட்சத்திரம் 16:29, அது உச்சியைத் தாண்டி சரியா ஒரு மணி மேற்கே. மணிக்கு 15 பாகைங்கிறதை மறந்துடாதே, மணியைப் பாகைன்னு படிச்சுத்தான் நிறையப் பேர் வானத்துல தொலைஞ்சு போறாங்க.

சுந்தரம் மாமா | 10:44
ராத்திரி குறுக்குவழி ஒண்ணு இருக்கு. சிவப்பா தெரியுற கேட்டையை நடுவுல கொண்டுவந்து, மவுண்ட் டயலைக் கையால 16:29-க்குத் திருப்பி வை. டெக்ளினேஷன் மைனஸ் 26.4 காட்டுதான்னு பாரு. காட்டலைன்னா வடக்கோ மட்டமோ பிசகியிருக்கு. சரியா இருந்தா 18:36, மைனஸ் 23.9-க்கு நகர்த்து. டயல்ல 10 நிமிஷத்துக்கு ஒரு கோடுன்னா அதுவே 2.5 பாகை, அதனால 25 மி.மீ. ஐபீஸ் போட்டுச் சுத்துவட்டாரத்தைத் தடவிப் பாரு. பஞ்சு உருண்டை மாதிரி மங்கலா வரும். கேட்டையை விட்ட அஞ்சு நிமிஷத்துக்குள்ள போயிடணும். மோட்டார் இல்லாத மவுண்ட்ல டயல் நிமிஷத்துக்கு கால் பாகை பிசகும்.

கார்த்திக் | 10:47
சரி மாமா.

மீனா | 10:52
அப்போ பிள்ளைங்களை 12:10-க்கு வரச் சொல்றேன். பலகையும் ரசமட்டமும் வாட்ச்மேன் ரூம்ல இருக்கு. 10 மணிக்கே மேல ஏத்தி மட்டம் பார்த்துடலாம், வட்டம் போட 10:23-க்கு முன்னாடி வேணுமே.

ஃபாத்திமா | 10:54
தூக்குக்குண்டு எங்க வீட்ல இருக்கு, நான் கொண்டுவர்றேன் அக்கா.