மறு: பூனைக்கான ‘சிறுநீர் உணவு’: கரைகல், கரையாக்கல் என்று பிரிப்போமா?

குழுவினருக்கு வணக்கம். பூனை வளர்ப்பவர்களுக்கான நம் சொற்பட்டியலில், சிறுநீர்க் கற்களுக்கும் அவற்றுக்குக் கொடுக்கும் ‘சிறுநீர் உணவு’க்கும் பெயர் தேடும் இழையில் அக்கா கேட்டதற்கு இது என் பதில்.

> சித்த மருத்துவத்தில் கல்லடைப்பு என்ற சொல் இருக்கிறதே. பூனைக்கும் அதையே வைத்தால் என்ன?

அக்கா, கல்லடைப்பு எங்கள் ஆச்சிமாருக்கும் விளங்கும் சொல். ஆனால் அது கல்லையும் அடைப்பையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. சிறுநீர்ப்பையில் கல் இருந்தும் அடைபடாத பூனைகள் உண்டு. கல்லே இல்லாமல், சளியும் பளிங்குத் (படிகத்) துகளும் திரண்டு கடுவன் பூனையின் ஒடுங்கிய சிறுநீர்வழியை அடைப்பதும் உண்டு. அடைபட்டால் சில நாளிலேயே உயிர் போய்விடக்கூடும். அந்த அவசர நிலைக்கு நீரடைப்பு என்ற சொல்லை ஒதுக்கிவிடுவோம்.

நான் பெயர் தேடுவது கற்களுக்கு. பூனைகளில் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு: மகனீசியம் அமோனியம் பொசுபேற்றாலான ஸ்ட்ரூவைற்று, கல்சியம் ஒட்சலேற்று. முதலாவது உணவினாலேயே கரையும். மகனீசியமும் பொசுபரசும் குறைந்த, சிறுநீரைச் சற்று அமிலமாக்கும் உணவை மட்டும் கொடுத்தால் பல பூனைகளில் சில வாரங்களில் காணாமற்போகும். இரண்டாவது எந்த உணவுக்கும் கரையாது. வெளியே எடுக்கத்தான் வேண்டும். இவ்வளவு வேறுபாடு இருக்க, கொழும்பு வெள்ளவத்தையில் பக்கற்றை வாங்கி வருகிற நாங்கள் இரண்டுக்குமான உணவை ‘சிறுநீர் உணவு’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். எனவே என் முன்மொழிவு: கரைகல், கரையாக்கல். கனிமப் பெயர்கள் ஆய்வுக்கூட அறிக்கையில் இருக்கட்டும்.

கரைகல்லான ஸ்ட்ரூவைற்றுக்குத் ‘தொற்றுக்கல்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். நாய்களில் ஸ்ட்ரூவைற்று பெரும்பாலும் கிருமித் தொற்றால் வருவதால் அங்கே அது பொருந்தும். பூனைகளில் பெரும்பாலும் தொற்று இல்லாமலே உண்டாகிறது. அதனால்தான் பூனைக்கு உணவு இவ்வளவு முக்கியமாகிறது.

1980களில் கரைகல்லே மிகுதியாக இருந்தது. உணவு தயாரிப்பாளர்கள் மகனீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும் வகையில் கலவைகளை மாற்றினார்கள். கரைகல் குறைந்தது, 1990களில் கரையாக்கல்லின் பங்கு ஏறியது. உடலில் அமிலம் கூடினால் எலும்பிலிருந்து கல்சியம் வெளியேறிச் சிறுநீரில் சேர்வது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே ‘அமில உணவு’ என்று பெயர் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அமிலம் கூடக்கூட நல்லது என்று வளர்ப்பவர் நினைத்துவிடுவார்.

இரண்டு கல்லுக்கும் பொதுவாக உதவுவது தண்ணீர். பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தாகம் குறைவு, சிறுநீர் செறிவு. ரின்னில் (தகர டப்பாவில்) வரும் ஈர உணவில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் நீர். உலர் உணவில் ஏறத்தாழ 10. உலர் உணவு தின்னும் பூனை கூடுதலாகக் குடித்தாலும் மொத்த நீர் குறைவாகவே சேரும். கொழும்புப் புழுக்கத்தில் ஈர உணவு சீக்கிரம் பழுதாகிறது, வேலைக்குப் போகிறவர்கள் உலர் உணவையே வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காலையும் மாலையுமாவது ஈர உணவு கொடுக்கலாம், உலர் உணவில் நீர் ஊற்றிக் குழைக்கலாம். உப்பில்லாமல் அவித்த சூரை மீனின் நீரும் நல்லது. வெங்காயம் போட்ட குழம்பு வேண்டவே வேண்டாம், அது பூனைக்கு நஞ்சு.

இன்னொன்று. கல் உருவாகும் சிறுநீர்போல, கரையக்கூடிய அளவுக்கு மேல் பொருள் கரைந்திருக்கும் கரைசலைச் சென்னை நண்பர்கள் ‘அதிதெவிட்டிய கரைசல்’ என்பார்கள்; அந்த நிலையை நாங்கள் ‘நிரம்பிய கரைசல்’ வழியில் மிகைநிரம்பல் என்போம். படிகம் என்றாலும் பளிங்கு என்றாலும் சரி, பட்டியலில் இரண்டும் இருக்கட்டும்.

---

அண்ணா, மிருக வைத்தியராகச் சொல்கிறேன். கரைகல், கரையாக்கல் இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் இரண்டும் வெள்ளையாகவே தெரியும். சிறுநீரின் பீ.எச். (அமில, கார அளவு), பளிங்கு வடிவம் எல்லாம் பார்த்தும் நாங்கள் ஊகிக்கத்தான் முடியும். கல்லை எடுத்துச் சோதித்த பிறகுதான் உறுதி. அதனால் கரைகல்லின் விளக்கத்தில் ‘உணவால் கரையக்கூடியது என வைத்தியர் கருதும் கல்’ என்று எழுதுங்கள். நீரடைப்பு வந்த கடுவனுக்கு உணவு மாற்றிப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது என்பதையும் நீரடைப்புப் பதிவில் சேர்க்க வேண்டும்.

---

தங்கச்சி சொன்ன விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நீரடைப்புப் பதிவின் முதல் வரி: ‘கடுவன் முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.’ கரைக்கும் உணவுக்கு ‘கரைப்புணவு’ போதுமா, ‘கற்கரைப்புணவு’ வேண்டுமா என்பது மட்டும் மிச்சம். எனக்கு இரண்டாவதே தெளிவாகப் படுகிறது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் இவ்விழையிலேயே எழுதுங்கள்.