இரைப்பையில் குஞ்சு வளர்த்த தவளை சிருஷ்டிப்புக்குச் சாட்சியா?

எபனேசர்:
ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மலை ஓடைகளில் ஒரு தவளை இருந்தது. 1973இல்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்தார்கள். தாய், கருவுற்ற முட்டைகளை விழுங்கிவிடும். அதன் பிறகு ஆறேழு வாரம் எதுவும் தின்னாது, இரைப்பையில் அமிலம் சுரப்பது நின்றுவிடும், தலைப்பிரட்டைகள் அங்கேயே வளர்ந்து முழுத் தவளைக் குஞ்சுகளாகத் தாயின் வாய் வழியே வெளியே வரும். விழுங்கும் பழக்கம் முதலில் வந்திருந்தால் முதல் ஈடே செரித்துப் போயிருக்கும். அமிலம் நிற்பது முதலில் வந்திருந்தால் தாய் சாப்பாடு செரிக்காமல் செத்திருக்கும். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் உண்டு. ‘தங்கள் தங்கள் ஜாதியின்படியே’ என்று ஆதியாகமம் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். இந்தத் தவளையைப் பார்த்த பிறகும் தற்செயல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

குளக்கரை:
அண்ணா, தவளையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி, முடிவுதான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அமிலத்தை நிறுத்தியது புதிய சரக்கே இல்லை. முட்டையைச் சுற்றியிருந்த கூழில் ப்ராஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருள் இருந்தது, தலைப்பிரட்டைகளும் அதைச் சுரந்தன. அதே பொருள் உங்கள் இரைப்பையிலும் என் இரைப்பையிலும் இருக்கிறது, அங்கேயும் அமிலத்தை அடக்கி வைக்கிறது. வலி மாத்திரை அதிகம் போட்டால் வயிறு புண்ணாகிறதே, அந்த மாத்திரைகள் இதன் உற்பத்தியைத் தடுப்பதும் ஒரு காரணம். ஆக ‘முதலில் எது’ என்ற கேள்வியே தவறு, பொருள் ஏற்கெனவே இருந்தது, அளவு கூடினால் போதும். அப்புறம் சிலியிலும் அர்ஜென்டினாவிலும் இருக்கும் டார்வின் தவளையைப் பாருங்கள். அங்கே அப்பா தலைப்பிரட்டைகளைத் தன் குரல்பையில் வைத்து வளர்க்கிறது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை. ஆனால் வாய்க்குள் எடுத்த முட்டை நேராக அமிலத்தில்தான் விழ வேண்டும் என்று கட்டாயமில்லை என்பது அதிலிருந்து தெரிகிறதே.

எபனேசர்:
தம்பி, ‘அளவு கூடினால் போதும்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். குஞ்சுகள் வளர வளர இரைப்பை உப்பி நுரையீரலை அமுக்கிவிடும், தாய் தோலால் மூச்சு விட்டுச் சமாளிக்கும். பசி அடங்க வேண்டும், குடல் அசையக் கூடாது, குஞ்சு வெளியே வந்ததும் எல்லாம் பழையபடி திரும்ப வேண்டும். இத்தனைக்கும் ‘இருந்திருக்கலாம்’ என்றுதான் பதில் வருகிறது. எங்களைப் பார்த்துக் குருட்டு நம்பிக்கை என்கிறீர்கள்!

மார்த்தாள்:
பிரதர், நானும் விசுவாசிதான், ஞாயிறு பள்ளி நடத்துகிறேன், அதனால்தான் இந்த வாதம் எனக்குப் பயமாக இருக்கிறது. தலைப்பிரட்டை தவளையாவதும் ஒரு காலத்தில் யாருக்கும் புரியாத அதிசயம்தான். 1912இல் குடர்நாட்ஷ் என்பவர் தைராய்டு சுரப்பியைத் தீனியாகக் கொடுத்தார், தலைப்பிரட்டைகள் நாள் வருமுன்பே தவளையாக மாறத் தொடங்கின. ஹார்மோன் என்று தெரிந்துவிட்டதால் அது தேவனுடைய வேலை இல்லை என்று ஆகிவிடுமா? விடை தெரியாத இடத்தில் மட்டும் கர்த்தரைக் கொண்டுபோய் வைத்தால், பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் அந்த விடையைப் படிக்கிற அன்றைக்கு அவரையும் விட்டுவிடுவார்கள். ‘அவைகளையெல்லாம் ஞானமாய்ப் படைத்தீர்’ என்று வேதாகமத்தில் 104ஆம் சங்கீதம் சொல்கிறது, எத்தனை காலத்தில் படைத்தார் என்று சொல்லவில்லை.

குளக்கரை:
மார்த்தாள் அக்கா, உங்களிடமும் ஒரு கேள்வி. இந்தத் தவளையை 1981க்குப் பிறகு காட்டில் யாரும் பார்க்கவில்லை. 1984இல் அதே குவீன்ஸ்லாந்தில் யுங்கெல்லா என்ற இடத்தில் இதன் இன்னொரு இனம் கிடைத்தது, அடுத்த ஆண்டே அதுவும் காணாமல் போனது. கைட்ரிட் பூஞ்சைதான் காரணமாக இருக்கும் என்று பெரும்பாலும் நினைக்கிறார்கள். அது தவளையின் தோலைத் தாக்கும், உப்புச்சத்து குலையும், இதயம் நின்றுவிடும். எபனேசர் அண்ணா அதிசயமாகக் காட்டிய அதே தோல் வழியாகத்தான் சாவு வருகிறது. இதையும் ஞானம் என்பீர்களா?

எபனேசர்:
இதற்கு வேதத்தில் பதில் இருக்கிறது. பவுல் எழுதிய ரோமர் நிருபம் 8ஆம் அதிகாரத்தில், ‘சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது’. தேவன் நல்லதாகப் படைத்தார், மனிதன் மீறினான், சாவு உள்ளே வந்தது. அந்தப் பூஞ்சையைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனதும் மனிதனின் தவளை வியாபாரம்தானே?

மார்த்தாள்:
வியாபாரம் பற்றிச் சொன்னது சரி, அந்தக் குற்றம் நம்முடையதுதான். ஆனால் சாவே மனிதனால் வந்தது என்றால் அரிசோனாவில் கிடைத்த சுமார் 19 கோடி ஆண்டு பழைய தவளைப் புதைபடிவத்தை என்ன செய்வது? அப்போது மனிதனே இல்லையே.

எபனேசர்:
அந்தக் கோடிகளை நான் ஏற்கவில்லை சிஸ்டர். ஏற்றால் ரோமர் 5:12 விழுந்துவிடும். ஒரே மனுஷனாலே பாவமும், பாவத்தினாலே மரணமும் வந்தது என்பது பொய்யாகிவிடும். அதன் மேல்தான் சிலுவையே நிற்கிறது.

மார்த்தாள்:
அதே வசனத்தைக் கடைசி வரைக்கும் படியுங்கள் பிரதர், ‘எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்’ மரணம் வந்தது என்கிறது. தவளை என்ன பாவம் செய்தது? மிருகங்களின் சாவைப் பற்றி பவுல் அங்கே பேசவே இல்லை. 104ஆம் சங்கீதத்தில் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்து தேவனிடம் ஆகாரம் தேடுகின்றன. அதைச் சாபமாக அல்ல, அவர் ஊட்டுவதாகவே பாடியிருக்கிறது.

எபனேசர்:
அந்தச் சங்கீதம் பாடப்பட்டது மனிதன் மீறி விழுந்துபோன வீழ்ச்சிக்குப் பிறகு. ஆதியாகமம் 1:30இல் மிருகங்களுக்கு ஆகாரமாகக் கொடுத்தது பசுமையான பூண்டுகளை மட்டும்தான். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.