இழை: ‘பகடி’ பொருந்தாத இடத்தில் என்ன சொல்வது?

மடல் 1

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

விசித் சாசனாதியெங் இயக்கி 2000-இல் வெளிவந்த தாய்லாந்துப் படத்துக்குத் தமிழ்த் துணைவரியும் (சப்டைட்டில்) இரண்டு பக்க அறிமுகக் குறிப்பும் ஆயத்தமாகின்றன. சயாமிய மொழியில் அதன் பெயர் ‘ஃபா தலாய் சோன்’. வெளிநாடுகளில் ‘டியர்ஸ் ஆஃப் தி பிளாக் டைகர்’ என்று ஓடியது. 2001 கான் திரைப்பட விழாவின் அதிகாரபூர்வத் தேர்வில் இடம்பெற்ற முதல் தாய்லாந்துப் படம் அதுதான்.

குதிரை, அகலத் தொப்பி, துப்பாக்கிச் சண்டை எல்லாம் கௌபாய் படம். செல்வர் வீட்டுப் பெண் ரம்போய், பின்னாளில் கொள்ளையனாகும் ஏழை வீட்டுப் பையன் தம், தாமரைக் குளத்து நடுவே காத்திருக்கும் மண்டபம், நின்றுபோகாத மழை, வேறொருவனோடு நிச்சயமாகும் திருமணம் என்பதெல்லாம் கண்ணீர்க் காதல் படம். இரண்டையும் பழைய படங்களின் சாயத்தில் தோய்த்து எடுத்திருக்கிறார்கள்.

குறிப்பின் முதல் வரைவில் ‘கௌபாய் படங்களின் பகடி’ என்று இருக்கிறது. படத்தைப் பார்த்த எவரும் அந்தச் சொல்லில் தயங்கி நிற்பார்கள். ஆங்கிலத்தில் கேலிக்காக ஒன்றைப் போலச் செய்வதற்குப் ‘பாரடி’, கேலியின்றி ஒரு நடையைப் போலச் செய்வதற்குப் ‘பாஸ்டிஷ்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. நமக்குப் ‘பகடி’ ஒன்றே புழக்கத்தில் இருக்கிறது. மற்றதற்கு ஒரு சொல் வேண்டும். பெயராகவும் அடையாகவும் நின்று, துணைவரி ஒன்றில் இடம் அடைக்காமல் இருக்க வேண்டும்.

மடல் 2

வணக்கம். கையில் இருக்கும் சொற்களை முதலில் தட்டிப் பார்த்துவிடுவோம்.

‘போலி’: இலக்கணத்தில் இது இழிசொல் அன்று. பந்தல் பந்தர் ஆவதும், அறம் அறன் ஆவதும் கடைப்போலி. ஓர் எழுத்து மாறினாலும் பொருள் மாறுவதில்லை. ஆனால் இன்று ‘போலி’ என்றால் போலி மருத்துவரும் போலிச் சான்றிதழும்தான் நினைவுக்கு வரும். அதை மீட்கவே முடிந்தாலும் தருக்கம் தலைகீழாகிறது. இலக்கணப் போலியில் வடிவம் மாறிப் பொருள் நிற்கிறது. நாம் தேடுவதிலோ வடிவம் அப்படியே நிற்க, பொருள் வேறாகிறது.

‘பாவனை’: நல்ல ஓசையுள்ள சொல். ஆனால் மூதுரையின் வான்கோழி, கான மயிலைக் கண்டு ‘தானும் அதுவாகப் பாவித்து’ ஆடியது தமிழ்க் காதில் இன்னும் ஒலிக்கிறது. பாவனை என்றால் முடியாதவன் செய்யும் முயற்சி என்ற நிழல் கூடவே வரும்.

‘புடைநூல்’: நன்னூல் நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாக்குகிறது. சார்பு நூலுக்கு இன்னொரு பெயர் புடைநூல். ‘இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபுவேறு உடையது’ என்பது இலக்கணம். முதல்நூலோடும் வழிநூலோடும் ஒருபுடை ஒத்து, தனக்கென வேறுபாடும் கொண்டது. கருத்தளவில் இதைவிட நெருக்கமான விளக்கம் கிடைக்காது. ‘புடைப்படம்’ என்றால் யாருக்குப் புரியும் என்பதுதான் கவலை. புடைப்புச் சிற்பம் என்று நினைப்பார்கள்.

‘வெற்றுப் பகடி’: அமெரிக்கக் கோட்பாட்டாளர் ஃபிரெட்ரிக் ஜேம்சன் பாஸ்டிஷைப் பகடியிலிருந்து சிரிப்பை உறிஞ்சி எடுத்த ஒன்றாக விளக்கியதை ஒட்டி, திறனாய்வாளர் சிலர் இப்படி எழுதலாம் என்கிறார்கள். அது ஒரு கோட்பாட்டின் தீர்ப்பு. தீர்ப்பையே பெயராக வைத்தால் வேறு கருத்துள்ளவர் அந்தச் சொல்லை எடுத்து ஆளமுடியாது.

மடல் 3

சொல் அமைக்குமுன், பகடி இங்கே ஏன் பொருந்தவில்லை என்பதைப் படத்துக்குள்ளிருந்தே பார்க்கவேண்டும்.

தொடக்கச் சண்டையில் தம் சுட்ட குண்டு அறையில் உள்ள பொருள்களில் பட்டுப் பட்டுத் தெறித்து எதிரியின் நெற்றியில் இறங்குகிறது. உடனே திரையில் ஓர் எழுத்து அட்டை வந்து, பார்க்கத் தவறியிருந்தால் மறுபடி காட்டுகிறோம் என்கிறது. அதே காட்சி மெதுவோட்டத்தில் திரும்ப ஓடுகிறது. அரங்கு சிரிக்கும். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் பலரும் படம் முழுவதையும் பகடி என்கிறார்கள். ஆனால் மண்டபக் காட்சிகளில் இப்படி ஓர் அட்டை கிடையாது. ரம்போயின் அழுகையைப் படம் ஓர் இடத்திலும் கேலி செய்வதில்லை. பாடல்கள் பழைய நகரத்துக் காதல் பாட்டு வகையான ‘லூக் குருங்’ மெட்டில் முழு மனத்தோடு இசைக்கப்படுகின்றன. பகடிக்கு ஓர் இலக்கு வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

மூலங்களையும் பிரித்துப் பார்க்கவேண்டும். ‘கௌபாய் படத்தின்’ என்று ஒருமையில் சொல்வதே பிழை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தாய்லாந்தில் பெரும்பாலான படங்கள் ஒலித்தடம் இல்லாத 16 மி.மீ. வண்ணச் சுருளில் எடுக்கப்பட்டன. அரங்கிலேயே ஆள் உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். வாயசைவும் குரலும் ஒட்டாது என்பதால் முகமும் கையும் பெரிதாகப் பேசவேண்டும். இந்தப் படத்தின் உரத்த, நிறுத்தி நிறுத்திப் பேசும் வசனமும் வில்லன் சிரிப்பும் வரைந்து வைத்த மீசையும் அங்கிருந்து வருபவை. அந்தக் காலத்து அதிரடிப் படங்களுக்குத் தாய்லாந்துக்காரர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘ரபேர்ட் பூகாவ், பாவ் கிரதோம்’. அதாவது மலையை வெடி, குடிசையைக் கொளுத்து. அந்தத் தலைமுறையின் பெரும் நாயகன் மித் சைபஞ்சா, 1970 அக்டோபரில் படப்பிடிப்பின்போது ஹெலிகாப்டரின் கயிற்றேணியிலிருந்து விழுந்து இறந்தார். அவருக்கு அடுத்து அந்த இடத்தைப் பிடித்த சோம்பட் மேதானி, இந்தப் படத்தில் கொள்ளைத் தலைவன் ஃபாயாக வருகிறார். கேலிக்காக அவரைக் கூட்டிவந்ததாக ஒரு சட்டகம்கூடச் சொல்லவில்லை.

நிறத்துக்கு மூலம் வேறு. எல்லாரும் 16 மி.மீ.யில் எடுத்த காலத்தில் 35 மி.மீ., நேர்த்தியான அரங்க அமைப்பு, ஒலி என்று விடாப்பிடியாக நின்றவர் இயக்குநர் ரத்தன பெஸ்டோன்ஜி. பார்சி வழிவந்தவர். அவரும் 1970-இல்தான், உள்நாட்டுத் திரைத்துறைக்கு ஆதரவு கேட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது சரிந்து இறந்தார். விசித் தன் படத்தை அவருக்கான வணக்கமாகவே கருதினார்.

அந்த நிறத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதும் சொல்லைத் தீர்மானிக்க உதவும். திரைச்சுருளில் எடுத்ததை டிஜிட்டல் பீட்டாகாம் என்ற காணொளி நாடாவுக்கு மாற்றி, அங்கே நிறத்தை ஏற்றி, மறுபடி 35 மி.மீ.க்குக் கொண்டுவந்தார்கள். அந்த நாடாவில் நிறத் தகவல் கிடைமட்டத்தில் ஒளித் தகவலில் பாதிதான். வரிகள் 600-க்கும் குறைவு. இதில் நிறச்செறிவை மட்டும் திருகினால் முதலில் கெடுவது முகம். தோல் நிறம் ஆரஞ்சுக்கு ஓடும், சிவப்பு எல்லையில் தங்கி மடிப்பும் நிழலும் தெரியாத தட்டையான திட்டாகும், விளிம்பில் கசியும். அதனால் வேலையை நாடாவுக்கு முன்பே தொடங்கவேண்டியிருக்கிறது: சுவருக்கு இளஞ்சிவப்பும் நீலப்பச்சையும் பூசுவது, ஓர் அறைக்கு இரண்டு மூன்று நிறத்துக்கு மேல் விடாதது, முகத்துக்கு வெளிறிய ஒப்பனையும் உதட்டுக்குச் சிவப்பும் கொடுப்பது. பிறகு நிறத்தை ஏற்றும்போது சுவர் ஏறும், முகம் தாங்கும். குறைந்த வரிகளைப் பெரிதாக்குவதால் வரும் மென்மைகூடப் பழைய சுவரொட்டியின் தன்மையைக் கூட்டவே செய்யும். தம்மும் இன்னொரு கொள்ளையனான மகேசுவனும் நேருக்கு நேர் நிற்கும் இடத்தில் வானம் தீட்டிய படுதா. அது படுதா என்று மறைக்க எந்த முயற்சியும் இல்லை.

கேலிக்கு இவ்வளவு உழைப்பு தேவையில்லை. 2010-இல் வந்த ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ கௌபாய் படங்களின் பகடி, அங்கே சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. இங்கே நடப்பது பழைய நடையைத் தன் நடையாக ஏற்று அதிலேயே பேசுவது.

மடல் 4

வணக்கம். ‘பாவனை’ குறித்து ஒரு சொல். ஈழத்து வழக்கில் பாவித்தல் என்றால் பயன்படுத்துதல். ‘பாவனைப் படம்’ என்றால் யாழ்ப்பாணத்தில் பாவனைக்கு உரிய படம் என்று விளங்கும். அதை விட்டுவிடலாம்.

தலைப்பையும் கவனியுங்கோ. ஃபா வானம், தலாய் தகர்த்தல், சோன் கொள்ளையன். சோன் வடமொழிச் ‘சோர’ வழி வந்தது, நமது சோரன்தான். வானம் கள்வனை வீழ்த்துகிறது என்ற பொருள். அதே நேரத்தில் ‘ஃபா தலாய் சோன்’ ஒரு மூலிகையின் பெயர். நாங்கள் நிலவேம்பு என்கிற அதே செடி. ரம்போயும் பூவின் பெயர்தான், எங்களது பொன்னரளி. இந்த இரட்டைப் பொருள் தமிழில் ஒரே தலைப்பில் வராது. குறிப்பில் சொல்லியே ஆகவேண்டும்.

ஆங்கிலத் தலைப்பில் உள்ள ‘கறுப்புப் புலி’யும் தவறான வழிக்கு இட்டுச்செல்லும். ‘சுவா’ என்பது புலி என்றாலும் பெயருக்கு முன் வரும்போது கொள்ளையனுக்கான பட்டம். சுவா தம், சுவா ஃபாய், சுவா மகேசுவன் என்ற பெயர்கள் 1940களில் சுபன்புரிப் பக்கத்தில் உண்மையிலேயே திரிந்த கொள்ளையருடையவை. ஆகவே ஆளைச் சொல்லும் இடத்தில் ‘புலி’ என்று மொழிபெயர்க்காமல் ‘சுவா தம்’ என்றே விட்டு, முதல் தடவை மட்டும் ‘கொள்ளையன் சுவா தம்’ என்று போடுவது நல்லது.

மடல் 5

மேலுள்ள மூன்றாம் மடல் வழியைத் திறந்துவிட்டது. முன்வைக்கும் சொல்: நடைச்சாயல்.

‘சாயல்’ இன்று ஒப்புமை. தொல்காப்பிய உரியியலிலோ ‘சாயல் மென்மை’ என்று நூற்பா. ஒத்திருத்தலும் மென்மையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. வெறும் ஒப்புமைக்கு நகல், படி, போலி என்று எத்தனையோ உண்டு. கனிவோடு ஒத்திருப்பதற்கு இது ஒன்றுதான். ‘நடை’ உரைநடை, எழுத்துநடை என்று முன்பே நிலைபெற்றது. இரண்டும் சேர்ந்தால் நடைச்சாயல், அடையாகும்போது நடைச்சாயற் படம், நடைச்சாயற் கவிதை. வினைக்குத் தனியாக எதையும் முறுக்கவேண்டாம்: ‘ஐம்பதுகளின் நடைச்சாயலில் எடுத்தார்’.

மடல் 6

ஐயா, சொல் நன்று. இரண்டு தடைகள் உண்டு.

முதல் தடை: திரை விமர்சனத்தில் ‘அந்தப் படத்தின் சாயல் தெரிகிறது’ என்றால் திருடியிருக்கிறார் என்று நாகரிகமாகச் சொல்வது. நடைச்சாயலும் அந்தக் குற்றச்சாட்டாகவே கேட்குமோ?

இரண்டாவது: பாஸ்டிஷ் என்ற சொல்லின் வேர் இத்தாலிய ‘பாஸ்டிச்சோ’. பலவற்றைப் போட்டு அடைத்துச் சுட்ட பண்டம். ஒரு நடையை ஒத்திருப்பது என்ற பொருளோடு, பல மூலங்களின் கலவை என்ற பொருளும் அதற்கு உண்டு. நடைச்சாயல் முதல் பொருளை மட்டுமே தாங்குகிறது.

மடல் 7

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கலவைக்கு நம்மிடம் ‘கதம்பம்’ இருக்கிறது. ஆங்கிலச் சொல் இரு பொருளைச் சுமக்கிறது என்பதற்காகத் தமிழும் சுமக்கவேண்டியதில்லை. பிரித்துவிட்டால் பேச்சு துல்லியமாகும். ஒரே ஒரு மூலத்தை ஒத்த நடைச்சாயல் உண்டு. எந்த நடையையும் ஒக்காத கதம்பமும் உண்டு. இந்தப் படம் பல நடைச்சாயல்களின் கதம்பம். கௌபாய் படம் ஒரு நடை, 16 மி.மீ. அதிரடிப் படம் ஒரு நடை, பெஸ்டோன்ஜியின் நிறம் ஒரு நடை, கண்ணீர்க் காதல் ஒரு நடை.

முதல் தடைக்கு, பேச்சுவழக்கையே கேட்போம். பிள்ளையைப் பார்த்து ‘மாமன் சாயல் அடிக்குது’ என்கிறோம். அங்கே யாரும் பிள்ளை திருடிவிட்டதாக நினைப்பதில்லை. பிறப்பால் வந்த உரிமை அது, சொல்பவருக்கும் மகிழ்ச்சி. இந்தப் படத்துக்கும் அந்தப் பழைய படங்களுக்கும் உள்ள உறவு அதேதான். ‘நடை’ முன்னால் நிற்பதால் கதையைத் திருடிய சாயலிலிருந்தும் விலகுகிறது.

மடல் 8

இப்போது துணைவரி வேலைக்கு வருகிறேன். சொல் முடிவானால் அது மொழிபெயர்ப்பையும் கட்டுப்படுத்தும். பகடி என்று எண்ணியவர் ரம்போயின் வசனத்தை நையாண்டித் தமிழில் போடுவார், படம் அங்கேயே செத்துவிடும். நடைச்சாயல் என்று கொண்டால், தமிழிலும் ஒரு பழைய நடையைத் தேடவேண்டும். ஐம்பதுகளின் திரைவசனத் தமிழ் பொருந்தும். ‘உனக்காகவே காத்திருப்பேன்’ என்று முழு வாக்கியமாக, சுருக்காமல். ஆனால் ‘பிராணநாதா’ வரை போனால் பார்ப்பவர் சிரிப்பார். அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. மறுஓட்ட அட்டையைக் கேலியாக எழுதாமல், பழைய அரங்கு அறிவிப்பின் மரியாதையில் ‘கவனிக்கத் தவறியவர்களுக்காக மீண்டும்’ என்று போட்டால் சிரிப்பு தானே வரும். சண்டையில் ஒரு வரிக்கு 30 எழுத்துக்கு மேல் வேண்டாம். மண்டபக் காட்சிகளில் பேச்சு மெதுவாக இருப்பதால் இரண்டு வரி நிற்க நேரம் கிடைக்கும்.

மெலோடிராமாவுக்கும் ஒரு சொல் தேவை. தாய்லாந்தில் கண்ணீர்த் தொடர்களை ‘நாம் நாவ்’ என்பார்கள், நாறிய தண்ணீர். நம் ‘அழுகாச்சிப் படம்’ போல அதுவும் இகழ்ச்சி. குறிப்பில் அது வேண்டாம். ‘இசைநாடகம்’ ஏற்கெனவே மேடைக்குப் போய்விட்டது. ‘மிகையுணர்ச்சி’ என்றால் அளவு மீறிவிட்டது என்று முன்கூட்டியே குறை சொல்வதாகும். ‘உணர்ச்சிப் பெருக்கு’ நடுநிலையாக இருக்கிறது. வெள்ளம் பெருகுவதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. இதற்குத் தனி இழை தொடங்கலாம்.

மடல் 9

அனைவருக்கும் நன்றி. ‘உணர்ச்சிப் பெருக்கு’ தனி இழைக்குப் போகட்டும். மற்ற இரண்டையும் கீழ்க்கண்டவாறு சொற்பட்டியலில் சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

நடைச்சாயல் (பெயர்): முன்னோர் படைப்பொன்றின் அல்லது ஒரு காலத்துப் படைப்புகளின் நடையைக் கேலி நோக்கமின்றி, அறியும்படியாக ஏற்றுப் புதிதாகப் படைத்தல், அவ்வாறு படைக்கப்பட்டது. பகடியினின்று வேறு: பகடிக்கு இலக்கு உண்டு. தழுவலினின்று வேறு: தழுவலில் கதை வரும், இதில் நடை வரும். அடை: நடைச்சாயற் (படம், பாடல், ஓவியம்).

கதம்பம் (பெயர்): பல மூலங்களின் கூறுகளை ஒன்றாகத் தொடுத்த படைப்பு. நடைச்சாயலோடு சேர்ந்தும் தனித்தும் வரும்.

குறிப்பின் முதல் வரி இப்படி மாறுகிறது: ‘கௌபாய் படத்தையும் பழைய தாய்லாந்துக் காதல் படத்தையும் ஒன்றாகத் தொடுத்த நடைச்சாயற் கதம்பம்.’